எந்தக் கேள்விக்கு எந்த கிராஃப்

புள்ளிவிவர மென்பொருளில் வேலை செய்கிறவர்களின் திரையைப் பிற்பகல் நான்கு மணிக்குப் பார்க்க வேண்டும். ஸ்டேட்டாவின் பிரதான விண்டோ எங்கோ அடியில் கிடக்கும். அதன்மேல் கட்டளைகளை எழுதிவைக்கும் டூ-ஃபைல் எடிட்டர், அதன்மேல் தரவு அட்டவணை, உதவிப் பக்கங்கள் நான்கைந்து. இத்தனையையும் மூடிக்கொண்டு கிராஃப்கள். காலையில் உட்கார்ந்தபோது அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு கேள்விதான்.

இதைச் சோம்பல் என்றோ ஒழுங்கின்மை என்றோ சொல்ல எனக்கு மனம் வராது. இந்த வேலையின் இயல்பே அப்படி. முதுகலை மாணவர்களுக்கு நான் தேசிய குடும்பநல ஆய்வின் தரவை வைத்துத்தான் பாடம் நடத்துகிறேன். 2019-21இல் நடந்த ஐந்தாவது சுற்றில் 15 முதல் 49 வயது வரையிலான 7,24,115 பெண்களிடம் பேட்டி எடுத்திருக்கிறார்கள். பெண்களுக்கான கோப்பைத் திறந்தால் ஆயிரக்கணக்கான மாறிகள். வயதுக்கு வி012, கல்விக்கு வி106, குடும்பத்தின் பொருளாதார நிலைக்கு வி190 என்று பெயர்கள். பெயரைப் பார்த்து எதுவும் புரியாது. அதனால் அட்டவணையைத் திறந்து எண்களைப் பார்க்க வேண்டும், குறியீடுகளின் பொருளைத் தேட வேண்டும், கட்டளையின் உதவிப் பக்கத்தைப் படிக்க வேண்டும், பிறகு ஒரு கிராஃப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சந்தேகமும் ஒரு விண்டோவைத் திறந்துவிட்டுப் போகிறது. சந்தேகம் தீர்ந்த பிறகும் விண்டோ இருக்கிறது.

ஜான் டூக்கி 1977இல் எழுதிய தரவாய்வுப் புத்தகம் பென்சிலும் காகிதமும் கொண்டு செய்யும் முறைகளைத்தான் பெரும்பாலும் சொல்லித் தருகிறது. கையால் ஒரு படம் வரைய நேரம் பிடிக்கும். வரைவதற்கு முன்பே இது தேவையா என்று மனம் கேட்டுவிடும். இப்போது கிராஃப் நொடியில் வந்துவிடுகிறது. தேவையா என்ற கேள்வி வரைந்த பின்புதான் வருகிறது, பல நாள் வராமலே போய்விடுகிறது. அன்று வரைவதில் இருந்த உழைப்பை இன்று எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று தீர்மானிப்பதில் செலவழிக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தீர்மானமும் ஆய்வில் சேர்ந்ததுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கிராஃப்களிடமிருந்தே தொடங்கலாம், கூட்டம் அங்கேதான். ஸ்டேட்டாவில் பெயர் வைக்காமல் ஒரு கிராஃப் போட்டால் அது 'கிராஃப்' என்ற பொதுப்பெயரில் நினைவகத்தில் உட்காரும். அடுத்த கிராஃப் வந்ததும் முந்தையது போய்விடும். இதைக் கண்டு பயந்தவர்கள் ஜி1, ஜி2, ஜி3 என்று பெயர் வைக்கத் தொடங்குகிறார்கள். பெயர் வைத்த ஒவ்வொன்றுக்கும் தனி விண்டோ கிடைக்கும். எதுவும் தொலையவில்லை என்ற நிம்மதி ஒரு மணி நேரம் நீடிக்கும். பிறகு ஒரு மாணவி வந்து, "மேடம், ஜி6 வெயிட் போட்டதா, போடாததா?" என்று கேட்பார். திரையில் இருக்கும் படத்தைப் பார்த்து அதற்குப் பதில் சொல்ல முடியாது. குடும்பநல ஆய்வின் மாதிரி எடையான (வெயிட்) வி005ஐ 10 லட்சத்தால் வகுத்துப் பயன்படுத்த வேண்டும். அதைப் போட்ட கிராஃபும் போடாத கிராஃபும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். எண்கள்தான் வேறு.

பெயரிலேயே கேள்வியை எழுதிவிட வேண்டும் என்பதே நான் சொல்லும் வழி. பெயருக்கு 32 எழுத்து வரை இடமிருக்கிறது, தாராளமாகப் போதும். எந்த மாறி, எந்த மாநிலம், வெயிட் உண்டா என்பதை அடிக்கோட்டால் பிரித்து எழுதினால் விண்டோவின் தலைப்பிலேயே அது தெரியும். பெயரோடு 'ரீப்ளேஸ்' என்ற விருப்பத்தையும் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் அதே வரியை மறுபடி ஓட்டும்போது, அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கிராஃப் இருக்கிறது என்று சொல்லி ஸ்டேட்டா நின்றுவிடும். அப்போது ஜி6ஐ ஜி7 ஆக்கிவிட்டு மேலே போகத்தான் கை பரபரக்கும். திரை பெருகுவது அந்த இடத்தில்தான். 'ரீப்ளேஸ்' இருந்தால் எத்தனை முறை திருத்தி ஓட்டினாலும் அந்தக் கேள்விக்கு ஒரே விண்டோ, அதில் கடைசியாகத் திருத்திய படம்.

விண்டோஸில் ஓடும் ஸ்டேட்டாவில் எல்லா கிராஃப்களையும் ஒரே விண்டோவுக்குள் தாவல்களாக அடுக்கும் ஏற்பாடு உண்டு. 'செட் ஆட்டோடேப்கிராஃப்ஸ் ஆன்' என்று கொடுத்து, நிரந்தரமாக்கும் விருப்பத்தையும் சேர்த்துவிட்டால் போதும். இடம் மிச்சமாகும், உண்மைதான். ஆனால் தாவலில் ஒரு நேரத்தில் ஒரு படம்தான் கண்ணில் படும், புள்ளிவிவரத்தில் பாதி வேலை ஒப்பிடுவது. பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் 1973இல் காட்டிய நான்கு தரவுத் தொகுதிகளை இந்தத் துறையில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். நான்கிலும் சராசரிகள் ஒன்று, ஒட்டுறவுக் கெழுவும் 0.816 என்று ஒன்றே. படமாக வரைந்தால் ஒன்று பரவலான நேர்கோடு, ஒன்று வளைவு, மற்ற இரண்டில் ஒரே ஒரு புள்ளி மொத்தக் கணக்கையும் திசைதிருப்புகிறது. அந்த நான்கு படங்களையும் அவர் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்ததால்தான் விஷயம் உடனே விளங்குகிறது. ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும் நான்கு விண்டோக்களில் அது விளங்கியிருக்காது.

தனித்தனி விண்டோவில் இதைவிட மோசமான சிக்கல் ஒன்றும் உண்டு, அளவுகோல். 20-24 வயதுப் பெண்களில் 18 வயதுக்கு முன்பே திருமணமானவர்கள் தமிழ்நாட்டில் 12.8 சதவீதம், பீகாரில் 40.8 சதவீதம் என்று ஐந்தாவது சுற்று சொல்கிறது. இரண்டு மாநிலங்களையும் கல்வி வாரியாகப் பிரித்துத் தனித்தனி கிராஃப் போட்டால், அந்தந்த எண்களுக்கு ஏற்றபடி மென்பொருள் அச்சைப் போட்டுக்கொள்ளும். இரண்டு விண்டோக்களிலும் பட்டைகள் ஏறத்தாழ ஒரே உயரத்துக்கு எழும்பி நிற்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிற கண் அச்சில் இருக்கும் எண்ணைப் படிப்பதில்லை, உயரத்தைத்தான் பார்க்கிறது. இத்தனை பெரிய வித்தியாசம், அதுவும் சிறுமிகளின் வாழ்க்கை பற்றியது, விண்டோக்களை வைத்த விதத்தால் கண்ணுக்குத் தெரியாமல் போவதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஒப்பிட வேண்டியவற்றை 'பை' விருப்பத்தால் ஒரே படமாகப் போடலாம். அல்லது 'கிராஃப் கம்பைன்' கட்டளையில் ஒய் அச்சைப் பொதுவாக்கி ஒன்றாக இணைக்கலாம். இணைக்கப்போகும் துண்டுகளுக்கு 'நோடிரா' கொடுத்துவிட்டால் அவை திரைக்கே வராது, இணைந்த படம் மட்டும் வரும்.

மூடுவதிலும் இரண்டு வகை. 'கிராஃப் க்ளோஸ்' விண்டோவை மட்டும் மூடும், படம் நினைவகத்தில் இருக்கும், 'கிராஃப் டிஸ்ப்ளே' என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப வரும். 'கிராஃப் டிராப்' நினைவகத்திலிருந்தே எடுத்துவிடும். எல்லா கிராஃப்களையும் எடுத்துவிடும் 'டிராப்' வரியை டூ-ஃபைலின் தலையில் எழுதச் சொன்னால் மாணவர்கள் தயங்குவார்கள். அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது, படம் அழகாக வந்திருக்கும். ஆனாலும் அந்த ஒரு வரி இருந்தால், ஓட்டி முடித்தபின் திரையில் நிற்கும் ஒவ்வொரு கிராஃபும் இந்த ஓட்டத்தில் பிறந்தது என்று நம்பலாம். நேற்றைய வடிகட்டலோடு போட்ட பழைய படம் இன்றைய படங்களுக்கு நடுவே நிற்காது. டூ-ஃபைலால் திரும்ப வரைய முடியாத படத்தை ஆய்வேட்டில் வைத்தால், வாய்மொழித் தேர்வில் அதற்குப் பதில் சொல்லவும் முடியாது.

தரவு விண்டோக்களின் நெருக்கடி இப்போது குறைந்திருக்கிறது. முன்பெல்லாம் வீட்டுக் கோப்பையும் பெண்கள் கோப்பையும் சேர்ந்தாற்போல் பார்க்க இரண்டு ஸ்டேட்டாவைத் திறந்து வைப்பார்கள். இரண்டும் அச்சு அசலாக ஒரே முகம், எதில் கட்டளை தட்டுகிறோம் என்ற எச்சரிக்கை விடாமல் வேண்டும். 2019இல் வந்த ஸ்டேட்டா 16ஆம் பதிப்பில், ஒரே ஸ்டேட்டாவுக்குள் பல தரவுகளை வைத்துக்கொள்ள உதவும் 'ஃபிரேம்' வந்ததும் அந்தச் சிக்கல் தீர்ந்தது. எஸ்பிஎஸ்எஸ்ஸில் ஒவ்வொரு தரவுக்கும் ஒரு விண்டோ, முடிவுகளுக்கு வேறு விண்டோ. தரவுக்குப் பெயர் சூட்டும் கட்டளையும் எல்லாவற்றையும் மூடும் கட்டளையும் அதில் உண்டு, தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். ஆர்ஸ்டுடியோ ஆரம்பத்திலேயே திரையை நான்கு கட்டமாகப் பிரித்துக் கொடுத்துவிடுகிறது, அங்கே தொல்லை குறைவு.

இரண்டாவது மானிட்டர் வாங்கினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு திரை கட்டளைக்கு, ஒரு திரை முடிவுக்கு என்று பிரித்துக்கொண்டால் நிச்சயம் உதவும். பிரிக்காவிட்டால் பரப்புவதற்கு இன்னும் இடம் கிடைத்தது, அவ்வளவுதான். ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ஆஸ்டின் ஹெண்டர்சனும் ஸ்டூவர்ட் கார்டும் 1986இலேயே இதை யோசித்திருக்கிறார்கள். மனிதர்கள் ஒரு வேலைக்கு ஒரு கூட்டம் விண்டோக்களைச் சேர்த்தே பயன்படுத்துகிறார்கள் என்று கவனித்து, வேலைக்கு ஓர் அறை என்று திரையைப் பிரிக்கும் 'ரூம்ஸ்' அமைப்பைச் செய்தார்கள். விண்டோஸ் 10இல் கன்ட்ரோல், விண்டோஸ் விசைகளோடு டி-யை அழுத்தினால் வரும் புதிய டெஸ்க்டாப் அந்த யோசனையின் வழி வந்ததே. ஆய்வு ஒன்றில், ஆய்வேடு எழுதுவது இன்னொன்றில், மின்னஞ்சல் மூன்றாவதில் என்று வைத்தால், எழுதும்போது எண்கள் கூப்பிடாது.

ஆய்வின் நடுவில் அடுக்கிக்கொண்டே இருக்கவும் கூடாது. ஒரு கேள்வியைத் துரத்தும்போது விண்டோக்கள் பெருகட்டும், அந்தப் பரபரப்பில்தான் எதிர்பாராத ஒன்று கண்ணில் படும். கேள்விக்கு விடை கிடைத்த இடத்தில் நின்று கலைத்தால் போதும். மாலையில் கிளம்பும்முன் ஸ்டேட்டாவை முழுவதுமாக மூடி, மறுபடி திறந்து, டூ-ஃபைலை மேலிருந்து ஓட்டச் சொல்வேன். ஏதாவது ஒரு கிராஃப் திரும்ப வராவிட்டால், அதற்கான கட்டளையைக் கமாண்ட் விண்டோவில் தட்டியதோடு விட்டிருப்பார்கள். அதனால் மூடுவதற்கு முன்பே ஹிஸ்டரி விண்டோவைப் பார்த்து, டூ-ஃபைலில் இல்லாத, ஆனால் வேண்டிய வரிகளைத் தேர்ந்தெடுத்து, வலது கிளிக் செய்து, டூ-ஃபைல் எடிட்டருக்கு அனுப்பிவிட வேண்டும்.