எர்ணாவூர்: பர்மா நகரின் அடுப்படி

வடசென்னையில் திருவொற்றியூருக்கும் கத்திவாக்கத்துக்கும் இடையே, கிழக்கில் வங்கக் கடலும் மேற்கில் பக்கிங்காம் கால்வாயும் இருக்க, கூடூர் செல்லும் இருப்புப்பாதை நடுவே ஊடறுத்துச் செல்ல, நீளவாக்கில் கிடக்கும் ஊர் எர்ணாவூர். கடலோரத்தில் மீனவர்களின் எர்ணாவூர் குப்பம், நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குச் செல்லக் காத்து நிற்கும் கண்டெய்னர் லாரிகள், தெற்கே தீப்பெட்டி ஆலையின் பெயரையே ஊர்ப்பெயராக்கிக்கொண்ட விம்கோ நகர், வடக்கே நாடு விடுதலையடைந்த கையோடு வந்த அசோக் லேலண்ட் ஆலை என்று இவ்வூரின் அடையாளங்கள் பலவும் பிற இடங்களிலிருந்து வந்து சேர்ந்தவைதாம். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் வடசென்னைக் குப்பங்களில் வீடிழந்த மீனவக் குடும்பங்களுக்கு இங்கிருந்த அகில இந்திய வானொலி நிலத்தில் குடியிருப்புகள் எழுந்தன. 2011இல் திருவொற்றியூர் நகராட்சியோடு சேர்ந்து எர்ணாவூரும் சென்னை மாநகராட்சிக்குள் வந்தது. 2021இல் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை நீண்டது.

ஆயினும் வந்து சேர்ந்தவற்றுள் தொலைவிலிருந்து வந்தது எது என்று கேட்டால், எர்ணாவூருக்கு மேற்கே, சடையங்குப்பத்தை அடுத்துள்ள பர்மா நகரைத்தான் சுட்ட வேண்டும். புழல் ஏரி நிரம்பி உபரிநீர் திறக்கப்படும் மழைக்காலங்களில், மணலி வழியாகக் கடலுக்கு ஓடும் வெள்ளம் சூழ்ந்துகொள்ளும் தாழ்நிலப் பகுதி என்று மட்டுமே செய்திகளில் இடம்பெறும் இக்குடியிருப்பு, பர்மாவிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்களால் பெயர் பெற்றது. அயல்நாட்டில் வாழும் தமிழர் சொந்த ஊரின் உணவை எவ்வாறு தேடிக் கண்டடைகின்றனர் என்பதைப் பற்றி லண்டனையும் டொராண்டோவையும் வைத்து எழுதப்படுவது வழக்கம். இங்கோ அந்தத் தேடல் தலைகீழாக நடந்தது. சொந்த மாநிலத்துக்கு வந்து சேர்ந்த தமிழர், அயல்நாட்டு உணவை வீட்டுச் சாப்பாடாக எண்ணித் தேடினர்.

இதனை விளங்கிக்கொள்ள இடப்பெயர்வின் முதல் பாதியை நோக்க வேண்டும். 1824, 1852, 1885 ஆகிய ஆண்டுகளில் தொடங்கிய மூன்று போர்களின் வழியே பர்மாவைப் பிரிட்டிஷார் கைப்பற்றி இந்தியாவின் ஒரு மாகாணமாக்கினர். 1937 வரை அது அவ்வாறே நீடித்தது. ஐராவதி ஆற்றின் கழிமுகச் சதுப்பு நிலங்கள் நெல்வயல்களாயின. அதற்கான கடனை நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களும், உழைப்பின் பெரும்பங்கைத் தமிழ், தெலுங்குத் தொழிலாளரும் அளித்தனர். 1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்போது பர்மாவில் இந்தியர் பத்து லட்சத்துக்கும் மேல் இருந்தனர். ரங்கூன் நகர மக்களில் பாதிக்கும் மேற்பட்டவர் இந்தியரே. சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய ஆட்களுக்கு ஈடாக, ரங்கூனிலிருந்து அரிசி மூட்டைகள் வந்திறங்கின. இரண்டாம் உலகப் போருக்கு முன் உலகிலேயே மிகுதியாக அரிசி ஏற்றுமதி செய்த நாடு பர்மா என்பதை நினைவிற்கொண்டால், தமிழ்நாட்டுச் சோற்றுப் பானைக்கும் பர்மாவுக்குமான உறவு இன்று சென்னைத் தெருக்களில் விற்கும் பர்மிய நூடுல்ஸ் பண்டமான அத்தோவுக்கு வெகுகாலம் முற்பட்டது என்பது புலனாகும். செட்டிநாட்டு விருந்தில் இனிப்பாகப் பரிமாறப்படும் கவுனி அரிசியும் இவ்வழியே வந்ததாகவே கருதப்படுகிறது. ஒட்டும் தன்மையுள்ள அரிசியைக் குறிக்கும் கவுக்ஞின் என்னும் பர்மியச் சொல்லோடு அதன் பெயர் ஒத்திருப்பதையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம்.

அக்காலத்தில் ஊர்ச் சாப்பாட்டைத் தேடிக்கொள்ளும் வசதி எல்லோருக்கும் ஒன்றுபோல் இருக்கவில்லை. குடும்பத்தை ஊரில் விட்டு மூன்றாண்டுக் கணக்கில் சென்ற நகரத்தார் முகவர்கள், கிட்டங்கி எனப்பட்ட, கடையும் தங்குமிடமும் ஒன்றாய் இணைந்த கட்டடங்களில் கூடி வாழ்ந்து, ஊரிலிருந்து அழைத்துச் சென்ற சமையற்காரரின் கையால் உண்டனர். அவர்களுக்கு ரங்கூன் மொகல் தெருவும் காரைக்குடியின் நீட்சியே. கழிமுகத்திலும் ஆலைகளிலும் கூலிக்கு உழைத்து, அங்கேயே குடும்பம் நடத்திப் பிள்ளை பெற்றவர்களுக்கு அத்தகைய ஏற்பாடு இல்லை. காவடிபோல் தோளில் தண்டு சுமந்து விடியலில் தெருவுக்கு வரும் பர்மியப் பெண்ணிடம் வாங்கும், மீன்குழம்பு ஊற்றிய அரிசிச் சேவையான மொய்ங்காவே அவர்கள் வீட்டுப் பிள்ளைகளின் காலை உணவாயிற்று. கொடுக்கல் வாங்கல் ஒருவழிப்பட்டதன்று: தோசை பர்மிய மொழியில் தோஷே ஆயிற்று, பராட்டா பலாட்டா ஆயிற்று, சமோசாவைப் பிய்த்துப் போட்டுப் புளிப்பும் காரமும் சேர்த்துப் பிசைந்து உண்ணும் வழக்கம் ரங்கூன் தெருக்களில் வேரூன்றியது.

திரும்பி வந்தது இரண்டு அலைகளாக. 1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் ரங்கூனைக் குண்டுவீசித் தாக்கியபின் லட்சக்கணக்கான இந்தியர், பெரும்பாலும் கால்நடையாக, மலைக்காடுகளைக் கடந்து அசாமுக்கும் வங்காளத்துக்கும் வந்தனர். வழியிலேயே மாண்டவர் பலர். போருக்குப் பின் மீண்டும் சென்றவர்களும் அங்கேயே தங்கியிருந்தவர்களும் 1962 மார்ச்சில் படைத்தலைவர் நெ வின் ஆட்சியைப் பிடித்தபின் தொழிலையும் கடையையும் இழந்தனர்: வங்கிகள் 1963இலும், கடைகள் 1964இலும் அரசுடைமையாயின; அதே 1964 மே மாதத்தில் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாதவையாக அறிவிக்கப்பட்டன. நகை, பணம் எடுத்துவரக் கடுங்கட்டுப்பாடு இருந்தமையால், சென்னைத் துறைமுகத்தில் இறங்கியவர்களிடம் பெட்டியைக் காட்டிலும் பழக்கங்களே மிகுதியாக இருந்தன. தமிழ்நாட்டுக்கு இவ்வாறு வந்தோர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர். அரசுக் கோப்புகள் அவர்களைத் தாயகம் திரும்பியோர் என்றன. அங்கேயே பிறந்து வளர்ந்து, இந்த மண்ணை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்த ஓர் இளைஞரைத் திரும்பியவர் என்று குறிப்பது அலுவலக மொழிக்கு மட்டுமே இயலக்கூடியது.

வியாசர்பாடி, செங்குன்றத்தை ஒட்டிய பாடியநல்லூர், எர்ணாவூர் எனத் துறைமுகத்தைச் சுற்றிய வடக்குப் பகுதிகளிலேயே அவர்களிற் பலர் தங்கினர். கூலிவேலை துறைமுகத்திலும் ஆலைகளிலும் கிடைத்தது என்பதும், தாழ்நிலத்தில் குடியிருக்க இடம் எளிதாகக் கிடைத்தது என்பதும் இதற்குக் காரணங்களாகலாம். கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே சாலையோரத்தில் கடை போட்டவர்களுக்காக 1969இல் உருவான பர்மா பஜார் வெளிநாட்டுப் பொருள்களுக்குப் பெயர் பெற்றது. அதன் பின்புறத் தெருக்களின் தள்ளுவண்டிகளோ உணவுக்குப் பெயர் பெற்றன.

அவ்வண்டிகளில் விற்பனையாகும் அத்தோ என்னும் பண்டத்தின் பெயரே இத்தேடலின் வரலாற்றைச் சொல்லக்கூடியது. பர்மிய மொழியில் தோக் என்பது கையால் பிசைந்து கலப்பதைக் குறிக்கும் வினை. அதனடியாகப் பிறந்த அதோக் என்பது அவ்வாறு கலந்த எதையும், அது தேயிலையாயினும் இஞ்சியாயினும் தக்காளியாயினும், குறிக்கும் பொதுப்பெயர். சொல்லின் இறுதியில் வருவது தொண்டையில் சட்டென நின்றுவிடும் ஒலி. முழுமையான ககர மெய்யன்று. ஆதலால் தமிழ்ச் செவி அதனைக் கைவிட்டு, நடுவிலுள்ள ஒலியை மட்டும் அழுத்திப் பிடித்துக்கொண்டது. பொருளிலும் இதே சுருக்கம் நேர்ந்தது. பூசணி, புடலை, கீரை எதில் செய்தாலும் கூட்டு எனப்படும் ஒரு வகைப் பெயரை, வேற்றூரில் ஒரே ஒரு பண்டத்துக்கு மட்டும் உரியதாக்கிவிட்டால் எப்படியிருக்குமோ, அப்படி, நூடுல்ஸைக் கொண்டு செய்வது ஒன்றே சென்னையில் அத்தோ ஆயிற்று. ரங்கூனில் வெறுமனே அதோக் வேண்டும் என்று கேட்பவரை எதில் செய்தது என்று திருப்பிக் கேட்பார்கள். சென்னையில் அக்கேள்விக்கு இடமில்லை.

பேஜோ என்பதும் இத்தகையதே. பே என்பது பயறு. ஜோ என்று ஒலிப்பது வறுத்தது என்னும் பொருளுடைய சொல். தமிழரின் தட்டைக்கு உறவான இந்த மொறுமொறுப்பான பண்டம் அத்தோவின் மேல் நொறுக்கிப் போடப்படுகிறது. தனியாகவும் மசாலாவோடு விற்கப்படுகிறது. மொய்ங்காவில் முற்பகுதி மாவுப் பண்டத்தையும் பிற்பகுதி குழம்பையும் சுட்டுவன.

செய்முறையை உற்று நோக்கினால், தேடியவர்கள் எதை விட்டுக்கொடுத்தனர், எதை விட்டுக்கொடுக்கவில்லை என்பது தெரியும். வேகவைத்து எண்ணெய் தடவி வைத்த, செம்மஞ்சள் நிறமேற்றிய மைதா நூடுல்ஸை வண்டிக்காரர் அகன்ற கிண்ணத்தில் ஒரு பிடி அள்ளிப் போடுகிறார். மெல்லியதாகச் சீவிய முட்டைக்கோஸும் பச்சை வெங்காயமும், அதன்மேல் பொன்னிறமாக வறுத்த வெங்காயமும் பூண்டும், வறுத்த எண்ணெயில் ஒரு கரண்டியும், கடலை மாவும், இடித்த மிளகாயும், உப்பும், புளிக்கரைசலும் சேர, ஐந்து விரல்களும் கீழிருந்து மேலாக இரண்டு மூன்று முறை புரட்டுகின்றன. பேஜோவை உள்ளங்கையிலேயே நொறுக்கித் தூவி, எலுமிச்சையைப் பிழிந்ததும் தட்டு கைமாறுகிறது. இன்று பல வண்டிகளில் அக்கைக்குப் பிளாஸ்டிக் உறை ஏறிவிட்டது. கரண்டியால் கலப்பவர்கள் மட்டும் அரிது. புளி, கடலை மாவு, வறுத்த வெங்காயம், அதன் எண்ணெய் ஆகிய நான்கும் ரங்கூன் வழக்கிலும் உள்ளவை. நான்குமே எந்தத் தமிழ் மளிகைக் கடையிலும் கிடைப்பவை. அங்கே உப்புக்கு மாற்றாக ஊற்றப்படும் மீன்சாறு இங்கே தெருவண்டிகளில் பொதுவாக இடம்பெறுவதில்லை.

மீனைப் பற்றிய இச்செய்தி சற்று விரித்துரைக்கத் தக்கது. மொய்ங்கா என்பது கெளுத்தி வகை மீனை வேகவைத்து, முள் நீக்கி உதிர்த்து, எலுமிச்சைப்புல், இஞ்சி, பூண்டு ஆகியவற்றோடு கொதிக்கவிட்டு, கடலை மாவாலோ வறுத்த அரிசி மாவாலோ கெட்டியாக்கி, நறுக்கிய வாழைத்தண்டு சேர்த்து, அரிசிச் சேவையின் மேல் ஊற்றி உண்ணும் குழம்பு. இடியாப்பமும் மீன்குழம்பும் பழகிய எவருக்கும் இது அந்நியமாகத் தோன்றாது. எர்ணாவூரில் வாழ்ந்தவர்களுக்கு இதற்கான பொருள்களில் குறை இருந்திருக்காது. கொசஸ்தலை ஆறும் எண்ணூர்க் கழிமுகமும் மீனும் இறாலும் தந்தன. பர்மியச் சமையலில் இடித்துச் சேர்க்கும் உலர்ந்த சிற்றிறால் இங்கே சென்னாகுனி என்னும் பெயரில் கருவாட்டுக் கூடைகளில் கிடைத்தது. எனினும் வீட்டிற்கு வெளியே, தெருவுக்கு வந்தபோது மொய்ங்காவை அத்தோ முந்திக்கொண்டது. மீன்குழம்பிலிருந்து வாழைத்தண்டு மட்டும் பிரிந்து, மீனில்லாத வாழைத்தண்டு சூப்பாக, அத்தோவின் துணையாக நிலைத்தது. இரு வேறு உணவுகளின் பகுதிகள் சேர்ந்து ஒரு புதிய இணையாயின என்பதால், இதனைப் பர்மிய உணவு என்று மட்டும் அறிமுகப்படுத்தும் உணவு எழுத்துகள் பாதி உண்மையையே கூறுகின்றன.

வராமலே போனவையும் உண்டு. புளிக்கவைத்த தேயிலையான லப்பெட், மீனையோ இறாலையோ உப்பிட்டு நொதிக்கவைத்து அரைத்த ஞாப்பி ஆகிய இரண்டும் பர்மியச் சமையலின் உயிர்நிலைகளாக இருந்தும் சென்னைத் தெருவில் இடம்பிடிக்கவில்லை. புளித்த இலையைக் கடிக்கவும் ஞாப்பியின் மணத்தைத் தாங்கவும் பழகாத வாடிக்கையாளரிடம் அவற்றை விற்க இயலாது. வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம், அதுவும் யாரேனும் கொண்டுவந்தால். தமிழ்நாட்டு முகாம்களில் மனம் ஒட்டாமல், நிலவழியே பர்மாவுக்கே மீளச் சென்று, எல்லையில் தடுக்கப்பட்டு மணிப்பூரின் மோரேவில் தங்கிவிட்ட தமிழர்களின் நிலை இதற்கு நேர்மாறானது. எல்லைக்கு அப்பாலுள்ள தமு நகரச் சந்தை அவர்களுக்குக் கூப்பிடு தூரம். அங்காளபரமேசுவரிக்குக் கோயில் கட்டி, இட்லியும் தோசையும் விற்கும் அவ்வூர்த் தமிழருக்கு லப்பெட்டைவிட நல்ல உளுந்தே தேடிப் பெறும் பொருளாக இருந்திருக்கக்கூடும்.

எர்ணாவூரின் தேடலில் இப்போது வேறொரு சிக்கல் சேர்ந்திருக்கிறது. அனல்மின் நிலையச் சாம்பலும் ஆலைக் கழிவும் கழிமுகத்தின் ஆழத்தையும் மீன்வளத்தையும் குறைத்துள்ளன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு பரவிய எண்ணெய்ப் படலம் எண்ணூர் மீனவரின் படகுகளிலும் வலைகளிலும் ஒட்டிக்கொண்டு, பலநாள் பிழைப்பைக் கெடுத்தது. மொய்ங்காவுக்கு வேண்டிய கெளுத்தி, வளர்ப்புக் குளத்திலிருந்து வரும் மீனாகவும் இருக்கலாம். வீட்டில் அதனைச் சமைக்கத் தெரிந்த தலைமுறை முதுமையடைந்துவிட்டது.

தெருவில் அத்தகைய தளர்ச்சி இல்லை. மாலையில் வண்டிகள் வருகின்றன. வண்டியின் ஓர் ஓரத்தில் நீரில் கிடக்கும் அவித்த முட்டைகளுள் ஒன்றை எடுத்து, நூலால் அறுத்ததுபோல் நடுவே கீறி, அந்தப் பிளவில் வறுத்த வெங்காயத்தையும் பூண்டையும் மிளகாய்த் தூளையும் திணித்து, புளிக்கரைசலையும் எண்ணெயையும் மேலே விட்டு, ஒரே வாயில் போட்டுக்கொள்ளுமாறு நீட்டுகிறார்கள். மசாலா முட்டை என்பது அதன் பெயர். ஆலை வேலை முடிந்து வருபவரும், சரக்கு ஏற்றக் காத்திருக்கும் லாரி ஓட்டுநரும், ரங்கூன் எங்கிருக்கிறது என்று அறியாத பள்ளிப் பிள்ளைகளும் வரிசையில் நிற்கின்றனர். பல வண்டிகளில் வாழைத்தண்டு சூப்புக்குத் தனியாகக் காசு வாங்குவதில்லை. கிண்ணம் காலியானதும் நீட்டினால், கேட்காமலேயே மீண்டும் ஒரு கரண்டி விழுகிறது.