எந்த வட்டு?

'எல்', 'ஐ'. அதோடு திரை அப்படியே நிற்கும். லிலோ காலத்து ஆட்களுக்கு அந்த இரண்டு எழுத்தே போதும், நோய் தெரிந்துவிடும். ஒவ்வொரு படி தாண்டும்போதும் தன் பெயரில் ஓர் எழுத்தை எழுதிக் காட்டும் பூட்லோடர் அது. நான்கும் வந்தால் பிழைத்தோம். இரண்டோடு நின்றால், முதல் பாதி இரண்டாம் பாதியை ஏற்றிவிட்டது, ஓட்டத்தான் முடியவில்லை என்று பொருள். கம்ப்யூட்டர் சென்டரில் ஓர் அண்ணன் இருந்தார். திரையைப் பார்க்கவே மாட்டார். "எல்லோட நின்னுச்சா, எல் ஐ-யோடவா?" என்று கேட்டுவிட்டு, பூட் ஃப்ளாப்பியைத் தேடுவார்.

லிலோவுக்குக் கோப்பு என்றால் என்னவென்றே தெரியாது. வட்டு முகவரிகளை மனப்பாடம் செய்து வைத்திருக்கும். கெர்னலை மாற்றிவிட்டு லிலோ கட்டளையை மறுபடி ஓட்டாவிட்டால் கதை முடிந்தது. 1995-இல் எரிக் போலின் ஹர்டு இயங்குதளத்துக்காக எழுதத் தொடங்கிய க்ரப் என்ற பூட்லோடர், கோப்பு முறைமையைத் தானே படித்துவிடும். பிறகு லினக்ஸ்காரர்களும் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். அந்தத் தொல்லை ஒழிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

2020 ஜூலை 29 அன்று பூட்ஹோல் வெளியானது: க்ரப் தன் அமைப்புக் கோப்பைப் படிக்கும் இடத்தில் ஓர் ஓட்டை. அவசரத் திருத்தங்கள் கொட்டின. ஊரடங்கு வேறு. நண்பர் போனில் கூப்பிட்டார். "சிம்பல் க்ரப்_காலக் நாட் ஃபவுண்ட்னு வருதுடா. கீழ க்ரப் ரெஸ்க்யூன்னு நிக்குது."

வட்டின் முதல் செக்டர் 512 பைட்டுதான். அதில் நிரலுக்கு 446. அந்த இடத்தில் க்ரப் அடங்காது. அதனால் அதன் மையப்பகுதி அடுத்தடுத்த செக்டர்களில் குடியிருக்கும், மற்ற மாட்யூல்கள் பூட் கோப்புறையில். திருத்தத்தோடு வந்த புது மாட்யூல்கள் க்ரப்_காலக் என்ற புதுச் செயற்கூற்றைக் கேட்டன. பழைய மையத்தில் அது இல்லை. வழக்கமான வைத்தியமான 'இன்ஸ்மாட் நார்மல்' இங்கே உதவாது. நார்மல் மாட்யூலும் புதியதுதானே!

லிலோவின் அதே இரண்டு பாதிகள். அந்த அண்ணனாக இருந்தால் போனிலேயே சிரித்திருப்பார். (2022-இல் ஆர்ச் லினக்ஸில் இதே கூத்து: புது அமைப்புக் கோப்பு கேட்ட ஒன்று பழைய மையத்துக்குப் புரியாமல், கணினி நேரே பயாஸ் திரைக்குப் போய் நின்றது.)

மையம் ஏன் பழையதாகவே இருந்தது? "வட்டு மாத்தினியா?" என்று கேட்டேன். மாற்றியிருந்தார். லினக்ஸை எஸ்எஸ்டிக்கு நகர்த்திவிட்டு, பழைய ஹார்ட் டிஸ்கை ஃபார்மட் செய்து போட்டோக்கள் வைத்திருந்தார். க்ரப்பை எந்த வட்டில் எழுதுவது என்பதை அதன் தொகுப்பு ஒரு முறை குறித்துவைத்துக்கொள்ளும். குறிப்பில் இருந்தது பழைய வட்டு. அப்டேட் புது மையத்தை ஒழுங்காக எழுதியிருக்கிறது, போட்டோ வட்டில்!

லைவ் பென்டிரைவில் ஏற்றி, ரூட் பகுதியை மவுன்ட் செய்து, டெவ், ப்ராக், சிஸ் மூன்றையும் அதற்குள் இணைத்து, சிஹெச்ரூட் வழியே உள்ளே போய், எஸ்எஸ்டியின் பெயரைக் கொடுத்து க்ரப் இன்ஸ்டால். போனில் ஹைஃபனையும் ஸ்லாஷையும் சொல்லி மாளவில்லை. கணினி எழுந்த பிறகு தொகுப்பை ரீகான்ஃபிகர் செய்யச் சொன்னேன். வட்டுப் பட்டியல் வந்தது; நட்சத்திரக் குறி போட்டோ வட்டின் முன்னால்தான் இருந்தது. ஸ்பேஸ் பாரைத் தட்டி மாற்றினார்.

"இத மொதல்லயே கேட்டிருக்கலாம்ல?" என்றார்.

"கேட்டிருக்கும், நீ இன்ஸ்டால் பண்ண அன்னைக்கு" என்றேன்.