ஒரு பேரும் ஒரு பந்தும்

பதுளையிலிருந்து பசறை செல்லும் வீதியிலே, தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே உள்ள ஒரு தோட்டத்தில் நான் பிறந்தேன். ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின்னரும் அங்கேயே வாழ்கிறேன். எங்கள் தோட்டத்து மைதானம் ஒரு பக்கம் சாய்ந்தது. பந்தை ஓங்கி உதைத்தால் அது தேயிலைச் செடிகளுக்குள் போய் விழும். தேடி எடுத்து வருவதற்குள் ஆடுவோருக்கு இளைப்பாறவும் நேரம் கிடைத்துவிடும். 2025ஆம் ஆண்டு யூலை மாதத்து மாலையொன்றில், அம்மைதானத்தின் ஓரத்திலே என்னை அமரச் செய்து, என் பேரன் தன் கைத்தொலைபேசியில் ஓர் உதைபந்தாட்டத்தைக் காட்டினான்.

சுவீடன் நாட்டிலே கோதன்பர்க் என்னும் நகரில் ஆண்டுதோறும் நடைபெறும் கோத்தியா கிண்ணப் போட்டி அது. நாட்டு அணிகளுக்கன்றிக் கழக அணிகளுக்கென்றே ஏற்பட்ட இளைஞர் போட்டி. பள்ளிச் சிறுவரும் சிறுமியரும் உலகின் பல திசைகளிலிருந்தும் அங்கே வந்து கூடுகின்றனர். அண்மைக்கால ஆண்டுகளில் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட அணிகள் பங்குபற்றியுள்ளன. கோடை விடுமுறையில் வெறுமையாய்க் கிடக்கும் பாடசாலை வகுப்பறைகளிலே பல அணிகள் படுத்துறங்குகின்றன. 2025ஆம் ஆண்டுப் போட்டியில் இந்தியாவின் பஞ்சாபிலுள்ள மினர்வா அக்கடமி, பதினான்கு வயதுப் பிரிவின் இறுதியாட்டத்தில் ஆர்ஜன்டீன அணியொன்றை 4–0 என்ற கணக்கில் வென்றது. 2023ஆம் ஆண்டிலும் அக்கழகம் பதின்மூன்று வயதுப் பிரிவில் வாகை சூடியிருந்தது. 2025இல் வென்ற பிள்ளைகளிற் பலர் மணிப்பூரைச் சேர்ந்தவர்கள். பெருநகரச் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் அல்லர்.

"தாத்தா, நாமளும் அங்க போய் ஆட முடியுமா?" என்று கேட்டான் பேரன். உடனே விடை கூற எனக்கு நா எழவில்லை. காரணம் உண்டு.

கோத்தியா கிண்ணம் முதன்முதலாக நடைபெற்ற ஆண்டு 1975. அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. எங்கள் லயத்துப் பிள்ளைகள் பதினொருவர் சேர்ந்து ஓர் அணி வைத்திருந்தோம். காலணி கிடையாது. சதம் சதமாகச் சேர்த்துப் பதுளைக் கடைவீதியில் வாங்கிய ஒரே ஒரு தோற்பந்துதான் எங்கள் சொத்து. அந்த அணியை எந்த எதிரணியும் தோற்கடிக்கவில்லை. ஓர் ஒப்பந்தம் கலைத்தது.

1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தோட்டங்களில் உழைத்த நம்மவரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்பதென 1974இல் முடிவாயிற்று. அந்தக் கணக்கு எங்கள் மைதானத்துக்கும் வந்து சேர்ந்தது. இரண்டாண்டுகளுக்குள் எங்கள் பதினொருவரில் அறுவர் குடும்பத்தோடு கப்பலேறினர். எங்கள் அணியில் முதன்முதற் கடவுச்சீட்டுப் பெற்றவர்கள் அவர்களே. ஆயின், ஆடி மீள்வதற்காக அல்ல, மீளாமற் போவதற்காகவே அதனைப் பெற்றனர்.

எங்கள் கோல் காப்பாளனை வழியனுப்பப் பதுளைப் புகைவண்டி நிலையத்துக்குச் சென்றிருந்தேன். தகரப் பெட்டியின் மேல் அமர்ந்திருந்த அவன், "பந்து யாருகிட்டடா இருக்கு?" என்று கேட்டான். "என்கிட்டத்தான்" என்றேன். "பத்திரமா வச்சிரு, வந்து ஆடுவோம்" என்றான். அவன் வரவில்லை. பந்தின் தோல் கிழிந்து உருக்குலைந்த பின்னரும் நெடுங்காலம் அதனை எறிய மனம் வராமல் வைத்திருந்தேன்.

1988இலும் 2003இலும் இயற்றப்பட்ட சட்டங்களால் நாடற்றோர் பிரசைகளாயினர். ஆகவே, என் பேரனுக்குக் கடவுச்சீட்டுப் பெறும் உரிமை இன்று உண்டு. ஆனால் உரிமை வேறு, அதனைக் காட்டும் கடதாசி வேறு என்பதை நமது குடும்பங்கள் இன்னும் முற்றாக உணரவில்லை.

இளைஞர் போட்டிகளிலே பிரிவுகள் பெரும்பாலும் பிறந்த ஆண்டைக் கொண்டே வகுக்கப்படுகின்றன. எங்கள் தோட்டத்து அணியின் இடதுபுற முன்வரிசை ஆட்டக்காரன் ஒருவன் சனவரி மாதம் முதல் வாரத்திலே பிறந்தவன். புத்தாண்டு பிறந்தும் பழக்கத்தில் முந்திய ஆண்டையே எழுதிவிடுவது மனித இயல்பன்றோ? அவனது பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்திலும் அப்படியே எழுதப்பட்டிருந்தது. ஓர் எழுத்தரின் கைப்பிழையால் அவன் கடதாசியிலே ஒரு வயது மூத்தவனாகி, வயதெல்லைப் போட்டியொன்றிலிருந்து விலக்கப்பட்டான். தந்தையின் பெயரும் பாடசாலையில் ஒரு விதமாக, பத்திரத்தில் வேறு விதமாக இருந்தது.

அவனுடைய தாயாரை அழைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு நான்கு முறை சென்றேன். தோட்டத்திலே ஒரு நாட் சம்பளத்துக்குப் "பேர்" என்று பெயர். மகனின் பெயரைத் திருத்த அத்தாய் நான்கு பேரை இழந்தார். "பரவாயில்லீங்க சார், பேரு போனா நாளைக்குப் போட்டுக்கலாம், புள்ள வயசு போனா வருமா?" என்றார் அவர். ஈற்றில், தோட்ட மருந்தகத்தின் பழைய பதிவேடு சரியான திகதியைக் காட்டியது. பத்திரம் திருத்தப்பட்டது. அதற்குள் அவ்வாண்டுப் போட்டி முடிந்துவிட்டது.

கடதாசி சரியானால் மட்டும் போதுமா என்றால், போதாது. விமானச் செலவு மலைபோல் நிற்கிறது. 2023இல் வெளியார் தலையீட்டைக் காரணங்காட்டி, உலக உதைபந்தாட்டச் சம்மேளனமாகிய பீபா இலங்கையைச் சனவரி முதல் ஆகஸ்ட் வரை இடைநிறுத்தி வைத்தது. இடைநிறுத்தப்பட்ட நாட்டின் கழக அணிகளுக்கும் சர்வதேசப் போட்டிகளில் இடமில்லை. மினர்வாப் பிள்ளைகள் முதல்முறை கிண்ணம் வென்ற அந்த யூலையில், இத்தீவுப் பிள்ளைகளுக்குக் கதவு மூடியிருந்தது. பெரியோர் செய்யும் பிழைக்குச் சிறுவர் ஆட்டத்தை இழப்பது அன்றும் உண்டு, இன்றும் உண்டு.

ஆயினும் நம் கையில் உள்ளதை நாம் செய்யலாமன்றோ? பெற்றோரே, இன்றிரவே பெட்டியைத் திறந்து பிள்ளையின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை எடுத்து வாசியுங்கள். பெயர், திகதி, ஆண்டு, தந்தை பெயர் யாவும் பாடசாலைப் பதிவோடு ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். மாணவர்களே, வாசிக்கத் தெரியாத பெற்றோருக்கு நீங்களே வாசித்துக் காட்டுங்கள். பிழை இருந்தால் அழைப்பு வரும் வரை காத்திராமல் இப்போதே திருத்திக்கொள்ளுங்கள்.

பேரனுக்கு நான் கூறிய விடை இதுதான்: "போகலாமா என்பதை நான் சொல்ல முடியாது. போகக் கூடாது என்று சொல்ல இனி எந்தக் கடதாசிக்கும் இடங்கொடுக்க மாட்டேன்."

அவன் அதைக் கேட்டானோ இல்லையோ, பந்து தேயிலைக்குள் விழுந்துவிட்டது என்று கூவிக்கொண்டு ஓடிவிட்டான்.