வழி கேட்டுச் செல்லும் ஊர்

புதிதாக ஓர் ஊருக்குச் செல்பவர், அங்கே ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு எவ்வாறு போவது என்பதையே முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும். கோயிலும் கோட்டையும் அதன் பின்னரே. யாழ்ப்பாணத்தைப் பற்றி எழுதுவோர் நல்லூரையும் கீரிமலையையும் விரித்துரைப்பர். நகரிலே நடமாடும் வகையைச் சொல்வோர் மிகக் குறைவு.

இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் விடுமுறைக்கு வரும் நம்மவருட் பலர், குளிரூட்டிய வான் ஒன்றை வாடகைக்கு அமர்த்தி, காலையிற் கோட்டை, நண்பகலிற் கீரிமலை, மாலையில் நல்லூர் என்று ஒரே நாளிற் சுற்றி முடித்துவிடுகின்றனர். கண்ணாடிக்கு உள்ளே அமர்ந்து வந்த பிள்ளைகள் கண்டவை மதில்களும் வேலிகளுமே. "இங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்று அவர்கள் கேட்டால் அது அவர்களுடைய குற்றமன்று. எமது குடாநாட்டில் மலையில்லை, அருவியில்லை, ஆண்டு முழுவதும் ஓடும் ஆறுமில்லை. இதன் அழகெல்லாம் ஒழுங்கைகளுக்குள்ளே இருப்பது. ஒழுங்கைக்குள் வான் நுழைவதரிது. நுழைந்துவிட்டால் எதிரே வரும் பசுமாட்டுக்கு வழி இராது.

நகரின் அமைப்பை விளங்கிக்கொள்வது எளிது. இடது கையை விரித்து வைத்தாற்போல் அதை மனத்திற் கொள்ளலாம். உள்ளங்கை கடனீரேரியின் கரையில் இருக்கிறது. கோட்டை, பொது நூலகம், மணிக்கூட்டுக் கோபுரம், பெரியாஸ்பத்திரி, பெரிய கடை, பஸ் நிலையம் ஆகிய அனைத்தும் அவ்வுள்ளங்கையினுள் அடங்கும். விரல்களாக நீள்பவை வீதிகள்: மேற்கே பண்ணைப் பாலத்தைக் கடந்து தீவுகளுக்கு ஒன்று, மானிப்பாய்க்கு ஒன்று, வடக்கே காங்கேசன்துறைக்கும் பலாலிக்கும் இரண்டு, வடகிழக்கே பருத்தித்துறைக்கு ஒன்று, கிழக்கே கண்டிக்கு ஒன்று. விரல் ஐந்து, வீதி ஆறு என்று கணித ஆசிரியர்கள் குறை கூறாதிருப்பார்களாக. எந்த வீதியில் நிற்கிறோம் என்பது தெரிந்தால் இவ்வூரில் எவரும் வழி தவறுவதற்கில்லை.

உள்ளங்கைப் பகுதியைக் காலாற நடந்தே பார்த்துவிடலாம். 1875 ஆம் ஆண்டு வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்ததன் நினைவாக எழுந்த மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து நூலகம் சில நிமிட நடை. 1981 இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரியூட்டப்பட்ட நூலகம் அது. அதனருகே ஐங்கோண வடிவிலான கோட்டை. போர்த்துக்கேயர் தொடங்கினர், ஒல்லாந்தர் 1658 இற் கைப்பற்றித் திருத்திக் கட்டினர். மாலை ஐந்து மணிக்குப் பின் அதன் கொத்தளத்தில் நின்றாற் காற்று நன்று. நண்பகலில் அங்கே செல்வது தவத்துக்கு ஒப்பானது.

விரல்களின் வழியே வெளியே செல்லத் தொடங்கும்போதுதான் விருந்தினர் வாயைத் திறக்க வேண்டியிருக்கும். எங்கள் ஊர்ப்பெயர்களே ஒருவகை வழிகாட்டிகள். வேம்படி, அரசடி, ஆலடி, புளியடி என்று மரத்தின் அடியைச் சொல்வன ஒரு வகை. சில இடங்களில் மரம் பட்டுப்போய்ப் பெயர் மட்டும் தளிர்த்து நிற்கிறது. கந்தர்மடம், ஓட்டுமடம், மருதனார்மடம் என முடிவன வழிப்போக்கர் தங்குதற்கு அறவோர் மடங்கள் அமைத்த காலத்தை நினைவூட்டுவன. இவற்றோடு புதிதாய்ச் சேர்ந்தவை சினிமாக் கொட்டகைகள். வெலிங்டன் கொட்டகை மறைந்தபின்னும் 'வெலிங்டன் சந்தி' என்றே மக்கள் சொல்கின்றனர். அங்கே படம் பார்த்தறியாத இளைஞரும் அப்படியே சொல்கின்றனர்.

ஒழுங்கை முகப்பில் நிற்கும் ஒரு பெரியவரிடம் வழி கேட்டுப் பாருங்கள். "தம்பி, உதாலை நேரை போங்கோ. ஒரு வைரவர் கோயில் வரும். அதிலை சோத்துக்கைப் பக்கம் திரும்பினால் ஒரு கூப்பிடு தூரம்" என்பார். வலப்பக்கம் என்பது உண்ணும் கையாற் சுட்டப்படுகிறது; தொலைவு குரலால் அளக்கப்படுகிறது. சற்றுத் தூரமானால் "இரண்டு கட்டை" என்பார். கட்டை என்பது மைல். கிலோமீற்றர் வந்து பல்லாண்டுகள் சென்றும் முதியோர் நாவிற் கட்டை பெயர்ந்தபாடில்லை. கைத்தொலைபேசியிலுள்ள வரைபடம் ஒழுங்கையைக் காட்டும். ஒழுங்கையின் முடிவிலே யாரோ ஒருவருடைய வளவு வேலி குறுக்கே நிற்பதைக் காட்டாது. பெரியவர் அதையும் சொல்லிவிடுவார்.

ஆனால் ஒன்றையும் மறைக்காமற் சொல்லல் வேண்டும். வழி சொன்னபின் அவர், "தம்பி எந்த இடம்? ஆற்றை ஆக்கள்?" என்று கேட்பதுண்டு. பெரும்பாலும் அது பரிவோடு கேட்கப்படுவதே; கனடாவில் இருக்கும் தம் மகனை உமக்குத் தெரியுமோ என்று அறியும் ஆவலாகவும் இருக்கலாம். சில வேளைகளில், வந்தவர் எச்சாதியினர் என்று அளந்து பார்க்கும் பழைய அளவுகோல் அக்கேள்வியினுள் ஒளிந்திருக்கும். எமது மாணவர்களுக்கு நான் சொல்வது, ஊர்ப்பெயரைச் சொல்லிப் புன்னகையோடு விடைபெறுக என்பதே.

இனி, பஸ் வண்டிகள். பருத்தித்துறைக்குச் செல்ல இரு வழிகள் உள. 750 ஆம் இலக்க வண்டி நெல்லியடி வழியாகச் செல்வது. 751 ஆம் இலக்க வண்டி வல்வெட்டித்துறை வழியாகச் செல்வது. போகும்போது ஒன்றிலும் திரும்பும்போது மற்றதிலும் ஏறுவோர் ஒரே பயணத்தில் வடமராட்சியின் இருமுகங்களையும் கண்டுவிடலாம். முதல் வழியில் கோப்பாய், நீர்வேலி முதலிய ஊர்களின் செம்மண் தோட்டங்களைத் தாண்டியதும் வல்லை வெளி வரும். பயணிகள் பேச்சை நிறுத்திவிட்டு வெளியே பார்க்கும் இடம் அது. மரமில்லாத பெருவெளி, உவர்நிலம், அதன்மேல் வானம். பருத்தித்துறையில் இறங்கினால், தும்பளைக்குச் செல்லும் வீதியில் உள்ள தெருமூடி மடத்தைக் காணாது திரும்புதல் கூடாது. தெருவின் இருமருங்கும் திண்ணைகள்; மேலே தெருவையே மூடிய கூரை. வீதி மடத்தின் ஊடாகவே செல்கிறது. நடப்போர் களைப்பாறுதற்கென்று வீதிக்கே கூரை வேய்ந்த அந்த உள்ளத்தை எண்ணி வியக்காதிருக்க முடியாது.

பஸ் வண்டியில் இருக்கை கிடைக்கும் என்று எவரும் உறுதி கூறமாட்டார். பள்ளிக்கூடம் விடும் நேரத்தைத் தவிர்ப்பது நன்று. இறங்கும் இடத்தை நடத்துநரிடம் முன்னரே சொல்லிவைத்தால் அவரே கூவி இறக்கிவிடுவார். அவர் மறந்தாலும் பக்கத்திலிருக்கும் அம்மா மறக்கமாட்டார்.

எனினும் எமது ஊரின் உண்மையான வாகனம் துவிச்சக்கர வண்டியே. நிலம் சமமானது; ஏற்றமில்லை, இறக்கமில்லை. விருந்தினர் விடுதிகள் பலவற்றில் அதனை வாடகைக்குப் பெறலாம். வெள்ளைச் சீருடை அணிந்த மாணவிகள் இருவர் மூவராய் அருகருகே மிதித்துக்கொண்டு கதைபேசிச் செல்லும் காட்சி யாழ்ப்பாணத்துக் காலைப்பொழுதுக்கே உரியது. 1990 இல் எரிபொருட் தடை வந்தபின், மோட்டார் வண்டிகள் மண்ணெண்ணெயிற் புகைந்து திணற, மிதிவண்டியே மூட்டை சுமந்தது, நோயாளியைச் சுமந்தது, மணமக்களையும் சுமந்தது. 2022 இல் நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது, இங்குள்ள முதியோர் பலர் தாழ்வாரத்திலிருந்த பழைய வண்டிக்குக் காற்றடித்துக்கொண்டு கிளம்பினர்.

ஊரிலே தம் விருப்பப்படி நடமாடுதல் எங்களுக்கு எளிதாய் வாய்த்த பேறன்று. 1990 இல் நின்றுபோன புகையிரதம் 2014 ஒக்டோபர் 13 ஆம் திகதிதான் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள், படையினர் நகரை நெருங்க, வெளியேறுமாறு புலிகள் அறிவிக்க, இலட்சக்கணக்கான மக்கள் அவ்விரவே மழையில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தனர். நான் அப்போது பள்ளி மாணவன். துவிச்சக்கர வண்டியில் ஏறி மிதிக்க இடமில்லை. அரிசி மூட்டையையும் ஆச்சியையும் அதன்மேல் வைத்து உருட்டிக்கொண்டே சென்றோம். நகரிலிருந்து அப்பாலம் ஐந்து கட்டை இராது. அங்கே போய்ச் சேர ஓர் இரவு முழுதும் சென்றது. அன்று எவரும் எவரிடமும் வழி கேட்கவில்லை. போகும் திசை ஒன்றே இருந்தது.

வலிகாமம் வடக்கில் படையினர் வசமிருந்த வீதிகள் ஒவ்வொன்றாகவே திறக்கப்பட்டு வந்துள்ளன. வசாவிளானிலிருந்து பலாலிக்குச் செல்லும் வீதி 2025 ஏப்ரலிலே முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளியின்பின் திறக்கப்பட்டது. அப்போது விதிக்கப்பட்ட நிபந்தனைகளுள் ஒன்று, அவ்வீதியில் நடந்து செல்லலாகாது என்பது. வண்டியிற் செல்லலாம், இடையில் நிறுத்தலாகாது. தம் ஊர் வீதியிலே கால் பதிக்க முடியாது கண்ணாடி வழியே தம் பழைய வளவைத் தேடிய முதியோரை நினைக்கும்போது, வானுக்குள் இருந்தவாறே ஊரைச் சுற்றி முடிக்கும் விருந்தினரை இறங்கி நடக்குமாறு வேண்டத் தோன்றுகிறது. அவர்களை எவரும் தடுக்கவில்லையே.

நேரமுள்ளவர்கள் ஒரு நாளைத் தீவுகளுக்கு ஒதுக்கலாம். பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு பஸ் வண்டி செல்லும். இருபுறமும் ஆழமற்ற நீர். வலை கட்டிய கழிகள். பருவத்திற் பறவைக் கூட்டம். அங்கிருந்து நயினாதீவுக்குச் சிறு பயணம். நாகபூஷணி அம்மனைத் தரிசிக்க வரும் தமிழரும் நாகவிகாரைக்கு வரும் சிங்களவரும் ஒரே படகில் முழங்கால் முட்ட அமர்ந்து செல்வர். நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். அவ்வழியில் ஓடிய 'குமுதினி' படகில் 1985 மே 15 ஆம் நாள் பயணிகள் பலர் வெட்டிக் கொல்லப்பட்டனர். படகு திருத்தப்பட்டு அதே பெயரோடு மீண்டும் கடலில் இறங்கியது. தீவு மக்களுக்கு வேறு வழியில்லை.

தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களிற் கடல் சற்றுக் கொந்தளிக்கும். குழந்தைகளைப் படகின் நடுவில் இருத்துவது நன்று. தீவில் இறங்கியவுடன் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று படகோட்டியிடமே கேட்டுக்கொள்ளுங்கள். கரையில் நிற்கும் தேநீர்க்கடைக்காரரிடம் இன்னொரு முறையும் கேளுங்கள். இருவரும் ஒரே நேரத்தைச் சொன்னால் ஆறுதலாகக் கோயிலுக்குப் போகலாம்.