மணற்காட்டுக் கும்பி

யாழ்ப்பாணத்தில் மலை ஏது? கீரிமலைகூடப் பெயரில்தான் மலை. எமக்கு வாய்த்த உயரம், வடமராட்சி கிழக்கில் மணற்காட்டு மணற்கும்பிகள்தான். பருத்தித்துறையிலிருந்து வல்லிபுர ஆழ்வார் கோயிலைத் தாண்டிப் போகவேண்டும். மணல் மூடிய இடங்களில் சைக்கிளை உருட்டத்தான் வேண்டிவரும். மாலையில் போங்கள், கால் சுடாது. சவுக்குத் தோப்பைக் கடந்து ஏறினால், மணலில் பாதி புதைந்த பழைய அந்தோனியார் கோயிலின் சுவர்கள் தெரியும், அப்பால் கடல்.

2004 டிசெம்பர் 26 சுனாமியில் இறந்தவர்களின் கல்லறைகளும் இவ்வூரில்தான். அங்கு பூ வைத்துவிட்டு வரும் பெண்கள், கும்பியில் காற்று வாங்கச் சற்று இருந்தால் என்ன? அதைக் குறைசொல்ல எவருக்கும் உரிமையில்லை.

மழைநீரை உறிஞ்சி நன்னீராக வைத்திருப்பதும் இந்த மணல்தான். அதைத்தான் கள்ளமாக லொறிகளில் அள்ளிச் சென்றிருக்கிறார்கள். கும்பி போனால் கிணறு உவராகும். குடத்தோடு அலையப்போவது நாங்கள்.