பிறேக்கும் தூசும்

வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் தாம்போதியை ஊரார் வாணர் பாலம் என்பர். இரு மருங்கும் கடல்; நடுவே ஒரு கோடு போலத் தெரு. சோளகம் பெயர்ந்துவிட்டால் காற்று அலையின் நுரையை அள்ளி வந்து தெருவெங்கும் வீசும். அவ்வழியே ஐந்து ஆண்டுகளாக நாள்தோறும் பாடசாலைக்குச் சென்று வருகிறேன். வாகனம், 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்திற் செய்யப்பட்ட மொரிஸ் மைனர். மாமனார் தம் கண்பார்வை மங்கியபோது என்னிடம் ஒப்படைத்தது.

இதனைப் பழம்பொருள் மீதுள்ள மோகம் என எண்ணுவோர் உளர். அவ்வாறன்று. 2020 மார்ச்சில் நாட்டின் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் பொருளாதார நெருக்கடி. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதிக்குக் கதவு திறந்தபோதும், வரியோடு சேர்ந்த விலை ஆசிரியனொருவனின் கைக்கு எட்டாத் தொலைவிலேயே நின்றது. இருப்பதை ஓட்டுவதன்றி எமக்கு வேறு வழியில்லை.

சென்ற வைகாசியில் ஒரு காலை. நெடுந்தீவுப் படகைப் பிடிக்கக் குறிகட்டுவானுக்குச் செல்லும் ஆசிரியைகள் இருவர் பின்னிருக்கையில் இருந்தனர். தாம்போதியின் முடிவில் ஆட்டு மந்தையொன்று தெருவை மறித்தது. பிறேக்கை மிதித்தேன். சேற்றிற் கால் வைத்தாற்போல மிதி தரைவரை இறங்கிற்று. மறுபடி மிதித்தேன், ஒன்றுமில்லை. கைப்பிறேக்கை இழுத்து, கியரைக் குறைத்து, கற்கரையோடு சில்லை உராய விட்டேன். கார் நின்றது. ஆயினும் குட்டியொன்றின் பின்கால் அடிபட்டுவிட்டது. மேய்த்து வந்த சிறுவன் அதைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு, ஒரு சொல்லும் பேசாது என்னைப் பார்த்தான். எட்டாம் வகுப்பில் என் மாணவன். ஆடு நின்ற இடத்தில் அவன் நின்றிருந்தால் என்ற எண்ணம் பல இரவுகள் என்னை உறங்கவிடவில்லை.

காரைக் கட்டியிழுத்து வேலணையில் உள்ள சிறிய கராச்சுக்குக் கொண்டுபோனோம். அங்குள்ள மெக்கானிக் அண்ணை என்னையும் மாஸ்ரர் என்பார். பிறேக் ஒயிலைத் தள்ளும் தலைமை உருளையையும் மாஸ்ரர் என்பார்.

"மாஸ்ரர், உங்கட மாஸ்ரருக்கு ஒண்டுமில்லை. பின்சில்லுச் சிலிண்டர் உப்புப் பிடிச்சு ஒழுகியிருக்கு. இந்தக் காரிலை ஒரு இடத்திலை ஒழுகினால் நாலு சில்லும் போச்சு."

அக்காலத்துக் கார்களின் பெருங்குறை அது. நான்கு சில்லுக்கும் ஒரே சுற்று. பிறேக் ஒயிலோ காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. வெளியே உப்பு அரிக்க, உள்ளே ஈரம் அரிக்கும். ஈராண்டுக்கு ஒருமுறை அதை மாற்றவேண்டும் என்பதை நான் அறிந்திருக்கவில்லை. தொல்காப்பியத்துக்கு உரையெழுதிய ஆசிரியர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்ல வல்லேன். என் காலின் கீழ் இருந்த உருளையை ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. நமது படிப்பு அத்தகையது.

செய்தி இலண்டனிலுள்ள மைத்துனனுக்கு எட்டியது. அன்றிரவே பேசினான். "அத்தான், உந்தப் பழைய டிறம்மை எறியுங்கோ. முன்சில்லுக்கு டிஸ்க் பிறேக் ஒரு செற் அனுப்பிறன்." அவன் அனுப்பிய படங்கள் கண்ணைப் பறித்தன. விலையைக் கணக்கிட்டேன்: என் மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல். அவன் கொடுப்பான், பனிக்காலத்து இரவுகளில் இரட்டை வேலை செய்து கொடுப்பான். அதை எண்ணியபோது படங்களின் பளபளப்புக் குறைந்தது.

மறுநாள் அண்ணையிடம் கேட்டேன். அவர் சிரித்தார். "டிஸ்க் நல்லாய்த்தான் நிக்கும். ஆனா தனிய வராது மாஸ்ரர். பின்னாலை ஒரு ஊர்வலமே வரும்."

அவர் கராச்சுத் தரையில் கரித்துண்டால் வரைந்து காட்டியதை இங்கே என்னாலியன்றவரை எழுதுகிறேன். டிறம் பிறேக்கில், சுழலும் டிறம்மே சூவைத் தன்னோடு இழுத்து அழுத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கிறது. டிஸ்க்கில் அவ்வுதவி இல்லை. ஆகவே காலின் பலம் கூடுதலாக வேண்டும், அல்லது எஞ்சினின் வெற்றிடத்தால் இயங்கும் சேர்வோ வேண்டும். டிறம்முக்கென மாஸ்ரர் உருளையில் உள்ள ஒரு வால்வு குழாயிற் சிறிது அழுத்தத்தை எப்போதும் தேக்கி வைக்கும். அதை அகற்றாவிட்டால் டிஸ்க் உராய்ந்துகொண்டே இருக்கும். இவையெல்லாம் செய்து முடித்தாலும், மூடியின்றிக் காற்றுக்கு வெளிப்பட்டிருக்கும் டிஸ்க்கின் மீது தாம்போதியின் உப்புநுரை நேராகப் படியும்.

டிஸ்க்கின் உண்மைச் சிறப்பு வேறிடத்தில் உள்ளது. வேகம் இரட்டித்தால் பிறேக் விழுங்கவேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது. அந்த ஆற்றல் வெப்பமாகிறது. மூடிய டிறம்முக்குள் வெப்பம் தேங்கப் பிடி தளர்கிறது. நெடுஞ்சாலையில் விரைவோர்க்கும் மலைச்சரிவில் இறங்குவோர்க்கும் அது உயிர்ப்பிரச்சினை. ஏறத்தாழ முக்கால் தொன் எடையுள்ள காரை, மேடென்று சொல்ல ஒன்றுமில்லாத தீவகத்தில், ஐம்பது கிலோமீற்றருக்கு உட்பட்ட வேகத்தில் ஓட்டும் எனக்கு வேண்டியது குளிர்ந்த டிஸ்க் அன்று. உப்புத் தின்னாத குழாய்.

ஆகவே நாங்கள் தெரிந்தெடுத்தவை அடக்கமானவை. 1962இல் மொரிஸ் மைனரின் எஞ்சினை 1098 சி.சி.யாகப் பெருப்பித்தபோது முன் டிறம்மை ஏழு அங்குலத்திலிருந்து எட்டாக்கினார்கள். அத்தகைய சோடியொன்று யாழ்ப்பாணத்தில், உடைத்து விற்கப்பட்ட காரொன்றிற் கிடைத்தது. உருக்குக் குழாய்களுக்குப் பதில் செம்பும் நிக்கலும் கலந்த குழாய்கள்; புதிய சில்லுச் சிலிண்டர்கள்; புதிய இறப்பர்க் குழாய்கள். ஒற்றைச் சுற்று என்ற குறை மட்டும் அப்படியே உள்ளது. அதை மறைப்பதற்கில்லை; பணம் சேர்ந்தால் முதலில் அதைத்தான் மாற்றவேண்டும். (இதே காருக்கு உதிரிப்பாகம் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பும் தொழிற்சாலை 1990களிலிருந்து தென்னிலங்கையில் இருந்தது என்பதை அறிந்தபோது, குடியேற்ற வணிகத்தின் படகு திசைமாறி ஓடியதாக நினைத்துச் சற்றே மகிழ்ந்தேன்.)

எஞ்சியது லைனிங். இவ்விடத்திற்றான் நான் எதிர்பாராத ஒன்றைக் கண்டேன்.

அண்ணையின் உதவியாள் பதினெட்டு வயது இளைஞன், என்னிடம் படித்தவன். தகப்பனின் படகு பழுதானதோடு சாதாரண தரத்துடன் படிப்பை நிறுத்தினான். பழைய டிறம்மைக் கழற்றினான். உள்ளே சாம்பல் நிறத் தூசு படை படையாக இருந்தது. டிறம்மை முகத்தருகே ஏந்தி, கன்னத்தை உப்பி, 'பூ' என்று ஊதினான். தூசு எழுந்து அவன் இமைகளிற் படிந்தது. கண்ணை மூடித் திறந்து அடுத்ததை எடுத்தான்.

பழைய லைனிங்குகள் அஸ்பெஸ்ரஸ் நார் கலந்து செய்யப்பட்டவை. அந்நார் நுரையீரலிற் புகுந்தால் வெளியேறாது. புற்றுநோயாக முளைக்க இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகளும் செல்லும். பிரித்தானியா 1999இல் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2005இலிருந்து. கடையில் எனக்குக் காட்டிய மலிவான லைனிங் பெட்டியில் அது என்ன பொருளால் ஆனது என்று ஓர் எழுத்துக்கூட இல்லை.

அண்ணையிடம் சொன்னேன். "முப்பத்தைஞ்சு வருசமாய் ஊதிறன் மாஸ்ரர்," என்றார். பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்துப் பழைய கார்களுக்குச் சில துளி பெற்றோல் காட்டி உயிரூட்டி, மண்ணெண்ணெயில் ஓடவைத்த தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். அந்த ஆண்டுகளிற் பிறந்தவன் நான். அவர்களின் மதிநுட்பத்தைக் கதையாகக் கேட்டு வளர்ந்தேன். அந்தக் கதைகளில் எவரும் நுரையீரலைப் பற்றிப் பேசியதில்லை.

மைத்துனனுக்கு எழுதினேன்: டிஸ்க் வேண்டாம், அஸ்பெஸ்ரஸ் இல்லை என்று அச்சிட்ட லைனிங் இரண்டு செற் போதும். வந்து சேர்ந்தன. கடையில் கிடைப்பதைவிட அவற்றின் விலை அதிகம். என் பாதுகாப்புக்கு அவை அணுவளவும் கூடுதலாக உதவா. இரண்டும் ஒன்றுபோலவே காரை நிறுத்தும்.

காற்று எடுக்கும் நாளில் நான் உள்ளே இருந்து மிதித்தேன். அவன் கீழே கிடந்தான். "அமத்துங்கோ சேர்… பிடியுங்கோ… விடுங்கோ." குமிழி வருவது நிற்கும்வரை அரைமணி நேரம். மிதி பாதி தூரத்திற் கல்லாய் நின்றது. தாம்போதியிற் சென்று பார்த்தோம், நேராக நின்றது.

இரு கிழமைகளின் பின் கராச்சுக்குப் போனேன். பழைய லொறியொன்றின் டிறம்மை அவன் ஏந்தியிருந்தான். என்னைக் கண்டதும் ஊதாமல் நிறுத்தினான். நான் சொல்லிக் கொடுத்தபடி ஈரத்துணியால் துடைக்க வாளியைத் தேடினான். வாளி காலியாக இருந்தது.

"கிணத்துத் தண்ணி உப்பு, டிறம் துருப்பிடிக்கும்," என்றார் அண்ணை. "பவுசரிலை வாற தண்ணி குடிக்கத்தான் காணும்."

என் பையில் பாடசாலைக்குக் கொண்டுசெல்லும் தண்ணீர்ப் போத்தல் இருந்தது. அதை அவனிடம் கொடுத்தேன். துணியைப் பாதி நனைத்துவிட்டு, மீதியை மூடிப் பத்திரமாக என்னிடமே திருப்பித் தந்தான்.