கோமாரிக் கடலில் வெளுத்த கல்

சென்ற மாதம் என் உறவுக்காரப் பையன் ஒருவன் தன் மடிக்கணினியைத் திறந்து ஓர் உலக வரைபடத்தைக் காட்டினான். பல்கலைக்கழகத்தில் புவியியல் படிப்பவன். முருகைக்கற்பாறைகள் வாழ்வதற்கு இன்று எந்தக் கடல் ஏற்றது, இந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் எந்தக் கடல் ஏற்றதாக இருக்கும் என்பதை வண்ணங்களால் சொல்லும் வரைபடம் அது. (தமிழக வாசகர்கள் பவளப்பாறை என்பதையே நாங்கள் இலங்கையில் முருகைக்கல் என்கிறோம்.) நீலம் என்றால் நல்லது, மஞ்சள் என்றால் சந்தேகம், சிவப்பு என்றால் ஆகாது.

"நம்மட கடல் எங்க?" என்று கேட்டேன்.

அவன் படத்தைப் பெருப்பித்துக்கொண்டே கிழக்குக் கரைக்கு வந்தான். ஓர் அளவுக்கு மேல் கரையும் இல்லை, கடலும் இல்லை. ஒரே ஒரு சதுரந்தான் திரையை நிறைத்துக்கொண்டு நின்றது. இத்தகைய உலக வரைபடங்கள் பலவற்றில் ஒரு கட்டம் என்பது ஒரு பாகை. ஏறத்தாழ 111 கிலோமீற்றர். கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி, பொத்துவில் எல்லாம் அந்தச் சதுரத்துக்குள் அடக்கம். நான் பிறந்து வளர்ந்து செய்தி சேகரித்துத் திரிந்த கரை முழுவதற்கும் ஒரே நிறம்.

அன்றிரவு பழைய குறிப்பேடுகள் கட்டிவைத்திருந்த பெட்டியை இறக்கினேன். ஏன் இறக்கினேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

*

1998 இன் நடுப்பகுதி. கல்முனைப் பக்கத்துச் செய்திகளை எழுதிக்கொண்டிருந்த இளம் செய்தியாளன் நான். போர்க்காலம். கடலுக்குப் போகும் நேரத்துக்கும் தூரத்துக்கும் கட்டுப்பாடுகள் இருந்தன. அது பற்றி எழுதுவதற்காகக் கோமாரிக்குப் போயிருந்தேன். கச்சான் காற்று நெருப்பாக வீசிய நாள். வாடிக்குள் அமர்ந்து நான் கேட்டவற்றுக்கெல்லாம் பதில் சொன்ன முதியவர் ஒருவர், நான் எழும்பும் நேரத்தில் கையைப் பிடித்து நிறுத்தினார். சிங்க இறாலுக்காகச் சுழியோடுகிறவர். கடலின் அடியைக் கண்ணால் கண்டவர்.

"தம்பி, கல்லெல்லாம் வெளுத்துக் கிடக்கு. சுண்ணாம்பு பூசின மாதிரி. என்ட வயசுக்கு இப்பிடி நான் காணல்ல. இதையும் ஒருக்கா எழுதுங்க."

எழுதுகிறேன் அண்ணன் என்றேன். குறிப்பேட்டில் ஒரு வரி எழுதினேன்: கோமாரி, கல் வெளுப்பு, மீனவர் கவலை. அவ்வளவுதான். அன்று நான் பணியாற்றிய பத்திரிகைக்குக் கட்டுப்பாடுகள் பற்றிய செய்தி போயிற்று, கல் போகவில்லை. ஆட்கள் காணாமற்போய்க்கொண்டிருந்த காலத்தில் கல் வெளுத்தது ஒரு செய்தியா என்று நானே தீர்மானித்துவிட்டேன். எந்த ஆசிரியரும் அதை வெட்டவில்லை. நான் அனுப்பவே இல்லை.

அந்த முதியவரை 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் கொண்டுபோனது. இலங்கையில் ஆழிப்பேரலை அதிக உயிர்களைப் பறித்த மாவட்டம் அம்பாறை; பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் அவரும் ஒருவர். குறிப்பேடு கொழும்பில் இருந்ததால் தப்பியது.

*

1998 இல் உலகக் கடல்களில் என்ன நடந்தது என்பதைப் பின்னர்தான் வாசித்து அறிந்தேன். முருகை என்பது கல்லல்ல, கல்லைக் கட்டுகின்ற உயிர். அதன் தசைக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. ஒளியைக் கொண்டு அவை ஆக்கும் உணவில்தான் முருகை பெரும்பாலும் சீவிக்கிறது. அதன் நிறமும் அவற்றாலேயே. வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு பாகை அளவு கூடிய சூடு சில வாரங்கள் நீடித்தால் இந்தக் குடும்ப உறவு முறிகிறது. பாசி வெளியேற, கண்ணாடி போன்ற தசையூடாக வெள்ளை எலும்பு தெரிகிறது. வெளுத்த கல் உடனே செத்த கல் அல்ல. சூடு விரைவில் தணிந்தால் நிறம் திரும்பும். தணியாவிட்டால் பட்டினியில் சாகும்.

அந்த ஆண்டின் எல் நினோ வெப்பம் உலக முருகைகளில் ஏறத்தாழ 16 வீதத்தை அழித்ததாகக் கணக்கிட்டார்கள். இலங்கையில் நாரா நிறுவனத்தின் அர்ஜான் ராஜசூரிய போன்ற ஆய்வாளர்கள் ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பார் றீஃப் பகுதியிலும் பேரழிவைப் பதிவு செய்தார்கள். திருகோணமலைக்கு வடக்கே புறாத்தீவு பெரிதும் தப்பியது. மேற்கில் அழிவு, வடகிழக்கில் தப்பிப்பு என்று பாடநூல்களில் அது பதிவாயிற்று.

கோமாரி எந்தப் பக்கம்? அந்தக் கேள்விக்கு விடை என் குறிப்பேட்டின் ஒரு வரியில் இருந்திருக்கலாம். ஆனால் அதில் திகதி இல்லை, இடம் இல்லை, ஆழம் இல்லை. எத்தனை பாகத்துக் கல், கிளைபிரிந்த முருகையா, உருண்டைக் கல்லா, எத்தனை நாளாய் வெள்ளை என்று ஒரு கேள்வியும் நான் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் விடை தெரிந்த மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

*

இனி அந்தச் சதுரத்துக்கு வருகிறேன்.

இவ்வகை வரைபடத்தின் தருக்கம் எளிமையானது. முருகைகள் இருப்பதாக ஏற்கெனவே பதிவான இடங்களின் பட்டியல் ஒன்றை எடுத்துக்கொள்கிறார்கள். ஒவ்வோரிடத்திலும் நீரின் சூடு, உவர்ப்பு, ஒளி, முருகை எலும்பு கட்டத் தேவையான சுண்ணாம்புக் கனிமத்தின் அளவு ஆகியவற்றைப் பொருத்துகிறார்கள். ஜோன் கிளேபாசும் அவரது துணை ஆய்வாளர்களும் 1999 இல் ஏறத்தாழ 1000 இடங்களை வைத்து இந்த எல்லைகளை வகுத்தார்கள். பின்னர் வந்தவர்கள் கணினியிடம் அந்த வேலையைக் கொடுத்தார்கள். 'இவ்விடங்களைப் போன்ற இடம் வேறெங்கே உண்டு?' என்று கணினி தேடுகிறது. அதன்பின் எதிர்காலக் காலநிலைக் கணிப்பை அதே சட்டகத்தில் ஏற்றி, 2070 இல் இந்த இடம் அப்படியே இருக்குமா என்று கேட்கிறார்கள். பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013 இல் வெளியிட்ட ஆய்வு இந்த வழியில் சென்று, நிலநடுக்கோட்டை அண்டிய கடல்களே சூட்டினால் அதிகம் தகுதி இழக்கும் என்றது. கோமாரி நிலநடுக்கோட்டிலிருந்து 7 பாகை.

இதைப் பொய்யென்று ஒதுக்க நான் வரவில்லை. காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழு 2018 இல் சொன்னது நினைவிருக்கும்: உலக வெப்பம் 1.5 பாகை உயர்ந்தால் 70 முதல் 90 வீத முருகைகள் போய்விடும். 2 பாகை என்றால் 99 வீதத்துக்கும் மேல். 2023 இல் தொடங்கிய நான்காவது உலகளாவிய வெளிறலில் உலக முருகைப் பரப்பின் ஏறத்தாழ 84 வீதம் ஆபத்தான சூட்டை அனுபவித்ததாக 2025 இல் அறிவித்தார்கள். வரைபடத்தின் சிவப்பு நம்மைப் பயமுறுத்துவதற்காகத் தீட்டப்பட்டதல்ல.

என் கவலை வேறு. இந்தக் கணினி, பதிவான இடங்களிலிருந்துதான் கற்றுக்கொள்கிறது. பதிவாகாத இடம் அதன் கண்ணுக்கு வெறுங்கடல். 1983 முதல் 2009 வரை கிழக்குக் கடல் ஆய்வாளர்களுக்கு இலகுவில் திறந்திருக்கவில்லை. போர்நிறுத்தக் காலத்திலும் போர் முடிந்த பின்னரும் பாசிக்குடா, காயங்கேணி, புறாத்தீவு ஆகியவற்றை நோக்கி ஆய்வாளர்கள் போனார்கள். காயங்கேணி 2019 இல் கடல்சார் சரணாலயமாகவும் ஆயிற்று. தெற்கே எங்கள் கரையில் பெயர்பெற்ற பாறை என்று எதுவும் இல்லை. மீனவர் 'கல்' என்று ஒற்றைச் சொல்லால் குறிப்பிடும் சிறு திட்டுகள்தாம். ஆகவே வரைபடத்தில் எங்கள் கடல் வெறுமையாக இருப்பது முருகை இல்லாததால் மட்டுமென்று எவராலும் சொல்ல முடியாது. பார்ப்பதற்கு ஆளில்லாத வெறுமையும் அதில் கலந்திருக்கிறது.

இதனால் என்ன நட்டம் என்று கேட்கலாம். எங்கள் கரை மாரியில் கலங்கும். ஆற்றுவாய்களை வெட்டிவிட, வயல்நீரும் சேறும் கடலுக்குள் பாயும். பாடநூலின்படி முருகைக்கு ஆகாத நீர் அது. ஆனால் ஓரளவு கலங்கிய நீர் குடைபோல வெயிலை மறைத்து வெளிறலைக் குறைக்கிறது என்று 2020 இல் வெளிவந்த ஓர் உலகளாவிய ஆய்வு சொல்கிறது. அப்படியானால் எங்கள் கற்களில் உயிர்பிழைத்து நிற்பவை சூட்டுக்குப் பழகிய வகைகளாக இருக்கலாம்; இல்லாமலும் போகலாம். பாதுகாப்புக்கான பணம் நீலச் சதுரங்களைத் தேடிப்போகும் நாளில், தன் கடலைப் பற்றி ஒரு வரி ஆதாரமும் இல்லாத கரைக்கு வாதாடும் வாய்ப்பே கிடைக்காது.

எதிர்க்கரையைப் பாருங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த பாறைகளைத் தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் ஆண்டுக்கணக்கில் சுழியோடி அளந்து வந்தார்கள். 2016 இன் வெளிறலுக்குப் பின் உயிருள்ள முருகையின் பரப்பு 38.9 வீதத்திலிருந்து 22.7 வீதமாகக் குறைந்தது என்று அவர்களால் சொல்ல முடிந்தது. துயரமான கணக்குத்தான். ஆனால் முன்னரே அளந்திருந்ததனால் இழப்பும் கணக்கில் ஏறியது. கோமாரியில் இழந்தோமா இல்லையா என்பதே தெரியாது.

*

இரண்டு வாரங்களுக்கு முன் கோமாரிக்குப் போனேன். முதியவரின் மகனைத் தேடிப்பிடித்தேன். தலை நரைத்துவிட்டது, அவரும் கடற்றொழிலாளிதான். தந்தை சொன்ன கல் எது என்று கேட்டேன். அவருக்குத் தெரிந்திருந்தது. கரையிலுள்ள இரண்டு அடையாளங்களை ஒன்றன்பின் ஒன்றாக நேருக்கு வைத்து, வேறு இரண்டை இன்னொரு திசையில் நேருக்கு வைத்தால் படகு நிற்கும் இடந்தான் அந்தக் கல். வாப்பாவிடம் மகன் வீட்டு வழி கற்பதுபோல அவர் தம் தந்தையிடம் அதைக் கற்றிருக்கிறார். ஆழிப்பேரலைக்குப் பின் அடையாளங்களில் ஒன்று இல்லை, வேறொன்றை மாற்றிக்கொண்டார்.

கைபேசியை எடுத்து, படகில் போய் அகலாங்கையும் நெட்டாங்கையும் குறித்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை.

"நானா, நீங்க எழுதினா நாளைக்கு வெளியூர்ச் சுழியோடிகள் வருவானுகள். இல்லாட்டி கவர்மெண்ட் வந்து இது பாதுகாப்புப் பகுதி, வலை போடாத எண்டு சொல்லும். ரெண்டிலையும் எங்கட வயிறுதானே?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. ஓர் உலக வரைபடத்தில் புள்ளியாக ஏறுவது எல்லோருக்கும் நன்மையென்று எண்ணியே போயிருந்தேன். 1998 இல் எழுதச் சொல்லி ஒருவர் கேட்டபோது நான் எழுதவில்லை. இன்று எழுத வந்தபோது அவர் மகன் எழுதாதே என்கிறார். இரண்டுக்கும் நியாயம் உண்டு.

திரும்பி வந்து பையனிடம் கேட்டேன். அவன் சொன்னதில் ஒரு வழி தெரிந்தது. கடல்மேற்பரப்புச் சூட்டைச் செய்மதிகள் இன்று 5 கிலோமீற்றர் சதுரங்களாக அளக்கின்றன. கல் அந்தச் சதுரத்துக்குள் எங்கோ இருக்கிறது என்று மட்டும் சொன்னால் ஆய்வாளனுக்குப் போதும். இறால் பிடிக்க வருகிறவனுக்கு அது போதாது. மாதமும் ஆழமும் கண்ட நிறமுமே முக்கியம். மகனிடம் தொலைபேசியில் சொன்னேன். யோசித்துவிட்டு, "அப்பிடியெண்டா பரவால்ல. ஆனா கல்லுட பேரு வேணாம்" என்றார். ஒப்புக்கொண்டேன். ஆகவே இங்கே கல்லின் பெயர் இல்லை.

புதிய பக்கத்தில் எழுதியிருப்பது இவ்வளவு: கோமாரிக்கு வெளியே, 5 கிலோமீற்றர் சதுரத்துக்குள் ஒரு கல். ஆழம் ஆறு பாகம் முதல் எட்டுப் பாகம் வரை. மகனின் நினைவின்படி 1998 இல் சோளன் முற்றும் காலத்தில் வெளுத்தது. அடுத்த மாரி முடிந்து நீர் தெளிந்தபோது சில இடங்களில் நிறம் திரும்பியிருந்தது, கிளைபிரிந்தவை பாசி பிடித்து உடைந்திருந்தன. நினைவுதான், அளவையல்ல, அப்படியென்றே குறித்திருக்கிறேன்.

இதை வாசிப்பவர்களில் கோமாரி, பொத்துவில், திருக்கோவில் கரைகளை விட்டுத் தோகாவிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருப்பவர்கள் உண்டு என்று அறிவேன். உங்கள் தந்தையோ மாமனோ கல் வெளுத்தது பற்றிப் பேசியது நினைவிருந்தால் எழுதுங்கள். எந்த ஆண்டு, எந்த மாதம், எத்தனை பாகம், எத்தனை நாள், நிறம் திரும்பியதா. கல்லின் பெயரும் அடையாளங்களும் வேண்டாம். அவை ஊரிலேயே இருக்கட்டும். ஊரில் அந்த வயதினர் இன்னும் இருந்தால், அடுத்த முறை தொலைபேசும்போது கேட்டுப் பாருங்கள். எனக்குத் தெரிந்த பலர் இப்போது இல்லை.